பனிக்காலத்தில் கனி கேட்காதவர்

பாஸ்காக் காலம் ஐந்தாம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
திருத்தூதர் பணிகள் 9:26-31, 1 யோவான் 3:18-24, யோவான் 15:1-8



இன்றைய நற்செய்தியை ஆண்டவர் எந்த இரவில் சொன்னார் என்பதை முதலில் நினைத்துக்கொள்வோம். இறுதி இராவுணவு முடிந்திருந்தது. யூதாசு எழுந்து வெளியே போய்விட்டான். தாம் திராட்சைக் கொடி, சீடர்கள் அதன் கிளைகள், தந்தையே தோட்டக்காரர் என்று இயேசு சொல்லிச் சில மணி நேரத்துக்குள் அந்தக் கிளைகள் எல்லாம் நாலாபக்கமும் சிதறின. அதே இரவைப் பற்றி யோவான் இன்னொரு சிறு குறிப்பையும் எழுதிவைத்திருக்கிறார். அன்று குளிராக இருந்ததாம். தலைமைக் குருவின் முற்றத்தில் பணியாளர்கள் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தார்கள். பேதுருவும் அவர்களோடு நின்று குளிர்காய்ந்தார். அந்த நெருப்பருகேதான் தன் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னார்.

இந்தக் குளிரை நான் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வாசித்தபோது கவனித்ததே இல்லை. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதிக்கு வந்த பிறகு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இந்த நாட்களில் நம் தொடர்மாடிகளின் தெற்குப் பக்க யன்னல்களை நிமிர்ந்து பாருங்கள். கண்ணாடிக்குள்ளே மல்லிகைச் சாடிகள், குச்சியில் கட்டிவிட்ட வெற்றிலைக் கொடிகள். செப்டம்பரில் உள்ளே வந்தவை இன்னும் உள்ளேதான் நிற்கின்றன. மல்லிகை நம் பக்கத்து வெப்பத்துக்குப் பிறந்த கொடி. இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி நின்றுவிடும், உறைபனி பட்டால் கருகிவிடும். வெற்றிலை அதைவிட மென்மையானது. ஊரிலேயே அதற்கு அகத்தியின் நிழலும் ஈரமான காற்றும் வேண்டும். இங்கேயோ சனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 9, 10 பாகை. டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் எட்டே முக்கால் மணி நேரந்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மல்லிகை எட்டு மாதம் உயிரோடு இருப்பதற்கு யாரோ ஒருவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நம் பங்கில் ஏழாம் மாடியில் மகள் குடும்பத்தோடு இருக்கிற ஓர் அம்மம்மா, நான் நற்கருணை கொண்டுபோகும்போதெல்லாம் தன் மல்லிகையையும் காட்டுவார். அவர் எனக்குச் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். இன்றைய மறையுரையில் பாதி அவருடையது.

சாடியை உள்ளே எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். மாவுப்பூச்சியோ சிவப்புச் சிலந்தியோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலும், ஹீட்டரால் காய்ந்த அறைக் காற்றில் அது பல்கிப் பெருகிவிடும். உள்ளே வந்து இரண்டு மூன்று வாரத்தில் இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கும். வெளிச்சம் குறைந்ததால் வருகிற உதிர்வு அது. “அப்பதான் சுவாமி எல்லாரும் பிழை விடுறது. வாடுது எண்டு நினைச்சுத் தண்ணியைக் கூட்டி ஊத்துவினம், பசளையும் போடுவினம். வேர் அழுகிப் போகும்” என்றார். வெளிச்சம் குறைந்த காலத்தில் செடி குடிக்கும் நீரும் குறைவு. மேல்மண் காய்ந்த பிறகே கொஞ்சம் ஊற்ற வேண்டும். அந்த நேரத்தில் போடுகிற பசளை வெளிறிப்போன மெல்லிய தண்டைத்தான் நீட்டிவிடும், அதில் பூ வராது. மார்ச் மாதம் வெயில் ஏறும்வரை பசளைப் பையைத் தொடக்கூடாது. சாடி யன்னலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் உறைந்த கண்ணாடியில் இலை முட்டக்கூடாது. கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் விட்டு அதன்மேல் சாடியை வைத்தால் சுற்றியுள்ள காற்றில் கொஞ்சம் ஈரம் நிற்கும். இலை முழுவதும் கொட்டி வெறும் குச்சியாக நின்றால், எறிந்துவிடாமல் நகத்தால் தண்டை மெல்லக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

கடைசியாக அவர் சொன்னது: “விண்டரில கொடியிட்டை ஒண்டும் கேக்கக் கூடாது சுவாமி. உயிரோட நிண்டாக் காணும்.”

அன்பானவர்களே, ஆண்டவரின் உரையை மீண்டும் ஒருமுறை வீட்டில் வாசித்துப் பாருங்கள். கனியைப் பற்றி அவர் நிறையப் பேசுகிறார். ஆனால் கிளைகளைப் பார்த்து அவர் இடுகிற கட்டளை தம்மோடு இணைந்திருங்கள் என்பதுதான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கனி அந்த இணைப்பிலிருந்து தானாக வருவது. தனியாக ஒரு கிளை முயன்று வரவழைக்கக் கூடியது இல்லை. இன்னும் சில மணி நேரத்தில் ஓடிப்போகப் போகிறவர்களிடம், தம்மை மறுதலிக்கப் போகிறவரிடம், அவர் இதைச் சொல்கிறார். அந்த இரவில் அவர்களால் எந்தக் கனியும் தர முடியாது என்பது அவருக்குத் தெரியும். இணைந்திருங்கள், அது போதும் என்கிறார்.

நாம் ஒருவரோடொருவர் அப்படி நடந்துகொள்கிறோமா?

அகதிக் கோரிக்கையின் முடிவுக்காக மூன்று பேர் ஓர் அறையில் காத்திருக்கிறார்கள். ஊரில் ஆசிரியராக இருந்தவர் இங்கே இரவில் அலுவலகங்களைத் துடைக்கிறார். பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்கவென்று சூப்பர் விசாவில் வந்த தாய் தகப்பன், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் நாள் முழுவதும் பேச ஆளில்லாமல் அதே யன்னலருகே உட்கார்ந்திருக்கிறார்கள். கணவனை இழந்த ஒருவருக்குக் கோவிலுக்கு வரவே மனமில்லை. இவர்களைச் சந்தித்தால் நாம் என்ன கேட்கிறோம்? இன்னும் வேலை எடுக்கவில்லையா? பிரெஞ்சு வகுப்பு முடிந்ததா? எவ்வளவு நாளைக்கு இப்படியே இருப்பீர்கள்? நல்ல மனத்தோடுதான் கேட்கிறோம். ஆனால் அது சனவரியில் போடுகிற பசளை. அந்தக் கேள்விகளுக்குப் பயந்தே பூசை முடியுமுன் பின்கதவால் இறங்கிப் போகிறவர்களை நான் பீடத்திலிருந்து பார்க்கிறேன்.

நம் சமூகமே ஒருகாலத்தில் இப்படி உள்ளே எடுத்து வைக்கப்பட்டதுதான். 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபடி கண்டெடுக்கப்பட்டார்கள். அவர்களை முதலில் கண்டு உதவியவர் கஸ் டால்டன் என்கிற மீன்பிடிக் கப்பற்காரர். கரைசேர்ந்தவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். ஓராண்டு தங்கி வேலை செய்ய அரசு அனுமதி கொடுத்தது. லூக்கா நற்செய்தியில் காய்க்காத அத்திமரத்துக்காகத் தோட்டத் தொழிலாளி தன் முதலாளியிடம் மன்றாடிக் கேட்டதும் ஓராண்டுதான். சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன், இந்த ஓர் ஆண்டு விட்டுவையுங்கள் என்றான். 1983க்குப் பிறகு வந்து நம் கோட்-டெ-நெய்ஜ் குன்றின் சரிவில் குடியேறிய நம் குடும்பங்களில் பல, யாரோ ஒருவர் தந்த அப்படியோர் ஆண்டில்தான் வேர் பிடித்தன. இன்று வீடு, கடை, பட்டம் பெற்ற பிள்ளைகள் எல்லாம் உண்டு. அந்த முதல் ஆண்டை நாம் மறந்துவிடக் கூடாது.

சரி சுவாமி, ஆனால் கனி தராத கிளையைத் தந்தை தறித்துப் போடுவார் என்றும் நற்செய்தியில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். அந்த வசனத்தை நான் மென்மையாக்கப் போவதில்லை. ஆனால் கத்தரி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தோட்டக்காரர் தந்தை. கிளைக்குப் பக்கத்துக் கிளையை வெட்டும் வேலை கொடுக்கப்படவே இல்லை. அந்தத் தோட்டக்காரருக்கு எந்த நாட்டில், எந்தக் காலத்தில், எப்படி வெட்டுவது என்பதும் தெரியும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலே பன்னீர்த் திராட்சை விளைகிறது. 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த இனம் என்று சொல்வார்கள். அங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் கொடி தானாக ஓய்வெடுக்காது. விவசாயி வெட்டிவிடும்போதுதான் புதுத்தளிர் வெடித்து அதில் பூங்கொத்து வரும். முறைவைத்து வெட்டுவதால் ஆண்டு முழுவதும் எங்கேயாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். நம் குடாநாட்டுச் செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தவர்களுக்கும் இது தெரியும். மல்லிகையும் அப்படித்தான், புதுக்கிளையில்தான் மொட்டு விடும். கழித்துவிடாத மல்லிகை நீண்டு படரும், பூ குறைந்துபோகும்.

திராட்சைக் கொடியைக் கியூபெக்கில் எப்படி வளர்க்கிறார்கள்? இங்கிருந்து தென்கிழக்கே டன்ஹம் என்கிற ஊரில் 1982இல் லோர்பையேர் என்ற திராட்சைத் தோட்டத்தைத் தொடங்கினார்கள். இலையுதிர் காலத்தில் கலப்பையால் மண்ணைத் தள்ளிக் கொடியின் அடிப்பகுதியை மூடிவிடுவார்கள். அதன்மேல் பனி விழும். மேலே காற்று சுழியத்துக்குக் கீழே 25, 30 பாகைக்கு இறங்கினாலும் மண்ணுக்குள்ளே மொட்டு பிழைத்திருக்கும். பனி பாரமாக இருக்கிறது என்று அதை வாரித் தள்ளினால் கொடிதான் சாகும். வசந்தத்தில் மண்ணை விலக்குவார்கள். மொன்றியலின் இத்தாலியக் குடும்பங்களில் பெரியவர்கள் அத்திமரத்தையே ஒருபக்கம் வேரை அறுத்துச் சாய்த்து, குழிதோண்டிப் புதைத்து, மேலே பலகையும் சருகும் மண்ணும் போட்டு வைப்பார்கள். நவம்பரில் அந்தப் பின்வளவைப் பார்க்கிறவன் மரத்தை அடக்கம் செய்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பான். ஏப்ரலில் அதை எழுப்பி நிறுத்துவார்கள். கோடை முடிவில் பழம் தரும்.

வெட்டுவதும் மூடிவைப்பதும் தோட்டக்காரரின் வேலைதான். சனவரியில் வந்து பார்த்து இது செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படுகிறவர் அவர் இல்லை. உங்கள் வாழ்க்கையில் இப்போது எதுவும் தளிர்க்கவில்லை என்றால், செபிக்க உட்கார்ந்தால் மனம் கல்லாகக் கிடக்கிறது என்றால், தந்தை உங்களைத் தறித்துவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். கொஞ்சம் கீறிப் பாருங்கள். ஒரு சிலுவை அடையாளம் போட இன்னும் கை எழும்புகிறதா? யாருக்காகவாவது கண் கலங்குகிறதா? அது பச்சை.

இந்த நகரத்தில் செடிகளைக் குளிரிலிருந்து காக்கும் கண்ணாடிக் கூடங்களுக்கு வழிவகுத்தவர் ஒரு துறவி என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மறி-விக்ரோறன், தெ ல சால் சபையின் அருட்சகோதரர். 1885இல் பிறந்தவர். இளம் ஆசிரியராக இருக்கும்போது காசநோய் கண்டது. வகுப்பை விட்டு ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஓய்வில் வயலோரம் நடந்து செடிகளைப் பார்க்கத் தொடங்கியவர், பிற்காலத்தில் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். 1931இல் மொன்றியல் தாவரவியல் பூங்காவை நிறுவினார். 1935இல் நாம் வாழும் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் செடிகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்கள் அந்தப் பூங்காவைக் கட்டும் வேலையில் கூலி பெற்றார்கள். இன்று அங்கே வெளியே பனி கொட்டும்போதும் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வாழையும் காப்பியும் கொக்கோவும் நிற்கின்றன. பிள்ளைகளை ஒரு பெப்ரவரி மாதம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நோயினால் அந்த இளைஞர் முடங்கியிருந்த மாதங்களை அன்று யாராவது வீண் என்று சொல்லியிருக்கலாம்.

நம் வாசலிலேயே இன்னொருவர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும், சகோதரர் அந்திரே. பன்னிரண்டு வயதுக்குள் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர், சதா வயிற்று நோய். 1870இல் திருச்சிலுவைச் சபைக்கு வந்தபோது இவ்வளவு பலவீனமானவரை ஏற்பதா என்று தயங்கினார்கள். பிறகு ஏற்று, கல்லூரியின் வாசற்காப்பாளராக வைத்தார்கள். நாற்பது ஆண்டுக்கு அருகே அந்தக் கதவைத் திறந்துகொண்டே இருந்தார். 1904இல் எதிரே குன்றில் புனித யோசேப்புக்கு ஒரு சிறு மரச் சிற்றாலயம் எழுந்தது. அதுவே இன்று நாம் முழந்தாளில் படியேறும் திருத்தலம். 1937இல் இறக்கும்போது அவருக்கு 91 வயது. 2010இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. தயங்கியவர்கள் கதவைச் சாத்தியிருந்தால் இந்தக் குன்றில் இன்று என்ன இருந்திருக்கும்?

முதல் வாசகத்துக்கு வருவோம். சவுல் எருசலேமுக்கு வருகிறார். எல்லாருக்கும் பயம். நேற்றுவரை நம்மைப் பிடித்துச் சிறையில் போட்டவன் இன்று சீடன் என்கிறானே, நம்பலாமா? அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது; அதைக் குறை சொல்ல வேண்டாம். பர்னபா மட்டும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் திருத்தூதர்முன் நிறுத்தி அவருக்காகப் பேசுகிறார். படரும் கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும். சவுலுக்கு அது பர்னபா. அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். சவுலின் உயிருக்கு ஆபத்து வந்ததும் சகோதரர்கள் அவரைச் செசரியாவுக்குக் கொண்டுபோய்த் தர்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு அதிகாரம் சவுலைப் பற்றிப் பேச்சே இல்லை. மாபெரும் திருத்தூதராகப் போகிறவர் தன் ஊரில் பெயர் தெரியாமல் இருக்கிறார். பின்பு ஒருநாள் பர்னபாவே தர்சுக்குப் போய், தேடிக் கண்டுபிடித்து, அந்தியோக்கியாவுக்குக் கூட்டி வருகிறார். உள்ளே எடுத்து வைத்தவரே காலம் வந்ததும் வெளியே கொண்டுவருகிறார். பர்னபா தேடிப் போகாமல் இருந்திருந்தால்? இதை நினைக்க எனக்கு நடுக்கமாக இருக்கிறது. ஏனென்றால் நாம் உள்ளே வைத்துவிட்டு மறந்துபோன சவுல்கள் இந்தப் பங்கிலே இருக்கிறார்கள்.

பேதுருவுக்கும் அப்படியொரு காலை வந்தது. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி வைத்திருந்தார். யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டே இடத்தில்தான் வருகிறது, மறுதலித்த முற்றத்திலும் இந்தக் கரையிலும். நனைந்துபோய்க் கரையேறியவரிடம் ஆண்டவர் முதலில் கணக்குக் கேட்கவில்லை. சாப்பிட வாருங்கள் என்றார். அப்பத்தையும் மீனையும் தம் கையால் எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் உண்ட பிறகுதான், என்னை அன்பு செய்கிறாயா என்ற கேள்வி. அதற்குப் பிறகுதான் ஆடுகளை மேய்க்கும் பணி. முதலில் சூடு, பிறகு உணவு, பிறகு அன்பைப் பற்றிய கேள்வி, கடைசியில் பொறுப்பு. நம் சங்கங்கள், செபக்குழுக்கள், நான் உட்பட, எத்தனை முறை இதைத் தலைகீழாகச் செய்கிறோம்! புதிதாக ஒருவர் கோவிலுக்கு வந்தால் இரண்டாம் கிழமையே பெருநாள் காசு சேர்க்கும் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

மே மாதம் நெருங்குகிறது. மொன்றியலில் மே நடுவரைக்கும் உறைபனி எட்டிப் பார்க்கலாம். கவனமான கைகள் சாடியை ஒரேயடியாக வெயிலில் வைக்க மாட்டா. உள்ளிருந்த இலை நேர்வெயில் பட்டால் ஒரே நாளில் வெந்துவிடும். முதல் நாட்களில் நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு காலை வெயில், இரவில் திரும்ப உள்ளே. ஏழு, பத்து நாள் இப்படிப் பழக்கிய பிறகே வெளியே விடுவார்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு கோவிலுக்கு வருகிறவர்களையும் அப்படி வரவேற்போம். எங்கே இவ்வளவு நாளாகக் காணவில்லை என்று நாலு பேர் நடுவில் கேட்க வேண்டாம். பக்கத்தில் இடம்விட்டு உட்காருங்கள். பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுங்கள். அடுத்த முறை கீழ்மண்டபத்தில் தேநீர் குடிக்கக் கூப்பிடுங்கள். பாடற்குழுவில் சேர்வதைப் பற்றி இலையுதிர் காலத்தில் பேசிக்கொள்ளலாம்.

இரண்டாம் வாசகத்தில் யோவான், அன்பு சொல்லோடு நின்றுவிடாமல் செயலில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார். ஆகவே இந்தக் கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கட்டடத்தில், உங்கள் மாடியில், பனி விழத் தொடங்கியதிலிருந்து வெளியே வராத ஒருவரை நினைத்துப் பாருங்கள். தமிழராக இருக்க வேண்டியதில்லை, கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டியதில்லை. கதவைத் தட்டி, பதினைந்து நிமிடம் இருந்து பேசுங்கள். ஆலோசனை எதுவும் சொல்லாதீர்கள். நடக்கக் கூடியவரென்றால் வெயிலுள்ள ஒரு பின்னேரம் கீழே தெருமுனைவரை கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். படி இறங்க முடியாதவர்களின் பெயரையும் கதவிலக்கத்தையும் திருப்பலி முடிந்ததும் சக்கிறிஸ்தி அறையில் என்னிடம் தாருங்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து நற்கருணையோடு நான் ஒவ்வொரு வீடாக வருகிறேன். என்னோடு வரக் கூடியவர்கள் காலை 10 மணிக்குக் கோவில் வாசலுக்கு வாருங்கள்.